காற்று இறக்கிய பந்து

அல்ஃபோன்ஸ் தூங்கும் நேரத்தில் வீட்டில் எது விழுந்தாலும் அது ரொஸ்வித்தாவின் குற்றம்தான். அவள் கையிலிருந்து கரண்டி நழுவினாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரன் புறாக்கூண்டுக் கதவை அறைந்து சாத்தினாலும் சரி. ராத்திரி ஷிப்டு முடித்து வருகிற ஆள் காலையில் சூப்பைக் குடித்துவிட்டு மாடி அறையில் படுத்தால் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. தூக்கம் கெட்டால் சுரங்கத்துக்குள் கை நிதானம் தப்பும், நிதானம் தப்பினால் விரல் போகும். ஜெர்மனியின் கரிச்சுரங்க ஊரான ஹெர்னேயின் அந்தக் காலனியில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. குறைவிரல் கையோடு பீர்க் குவளையைப் பிடித்திருக்கும் ஆட்களை எந்தக் கடைக்குப் போனாலும் பார்க்கலாம்.

அதனால் தெருவே ஷிப்டு பார்த்துத்தான் மூச்சு விட்டது. எந்த வீட்டில் எவன் இந்த வாரம் பகலில் தூங்குகிறான் என்பது பெண்களுக்கு மனப்பாடம். கம்பளத்தைத் தொங்கவிட்டு அடிக்க வேண்டுமென்றால், இருமுகிற குழந்தையை வைத்துச் சமாளிக்க வேண்டுமென்றால், தையல் மெஷினை ஓட்ட வேண்டுமென்றால், காலை ஷிப்டுக்காரன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கேட்டால் இல்லையென்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த வாரம் ஷிப்டு மாறும்போது அவர்களும் வந்து நிற்க வேண்டியிருக்குமே.

ரொஸ்வித்தாவுக்கு லாண்டரியில் வேலை. விடிவதற்கு முன் போய், நீராவியில் வெந்த படுக்கைவிரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து மறுபக்கம் வாங்கி மடித்து அடுக்கிவிட்டு, மதியத்துக்கு மேல் வீடு திரும்புவாள். ராத்திரி ஷிப்டு வாரமென்றால் அப்போது மாடியில் அல்ஃபோன்ஸின் குறட்டை ஓடிக்கொண்டிருக்கும். அது நிற்கிற வரைக்கும் உள்ள பொழுது அவளுடையது.

மேஜையைத் தூக்கிச் சுவரோரம் வைப்பாள். இழுத்தால் சத்தம் கேட்கும். நாற்காலிகளில் ஒன்றை மட்டும் நடுவில் விட்டுவிட்டு மற்றவற்றை மேஜைமேல் கவிழ்ப்பாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு நின்று, கரிப்பெட்டிக்குப் பின்னாலிருந்து பந்தை எடுப்பாள்.

அது அல்ஃபோன்ஸ் காலனியின் இரண்டாம் டீமில் ஆடிய காலத்துத் தோல் பந்து. தொப்பை விழுந்து அவன் ஆட்டத்தை விட்ட பிறகு வீட்டோடு தங்கிவிட்டது. முழுக்காற்றோடு அதைத் தரையில் தட்டினால் மாடி வரைக்கும் 'டொம்' என்று கேட்கும். முதல் நாளே அது தெரிந்துவிட்டதால், பந்தின் தையல்கயிற்றை அவிழ்த்து, கட்டைவிரலை அழுத்தினால் ரொட்டி மாவு மாதிரி குழி விழுகிற அளவுக்குக் காற்றை இறக்கிவிட்டு மறுபடி கட்டினாள். அதற்குப் பிறகு பந்து வாய் திறக்கவில்லை.

வருஷக்கணக்காக அந்தப் பந்தோடுதான் அவள் பழகியது. உள்ளங்காலால் பின்னுக்கு இழுப்பது, உள்பாதத்திலிருந்து வெளிப்பாதத்துக்கு மாற்றுவது, நாற்காலிக் காலைச் சுற்றி எட்டுப் போடுவது, கால்விரல் நுனியால் நெம்பித் தூக்கித் தொடையில் வாங்கி மறுபடி புறங்காலில் இறக்குவது. இடது கால், வலது கால் என்று வித்தியாசமே இல்லாமல் போய்விட்டது. அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கும்போதே ஒரு காலால் பந்தை உருட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். பெண்களுக்கு மைதானத்தைத் திறந்துவிடக் கூடாது என்று கால்பந்துச் சங்கமே எல்லா கிளப்புகளுக்கும் உத்தரவு போட்டிருந்த காலம் அது. ஆட இடம் இல்லை, கூட ஆட ஆளும் இல்லை.

போன இலையுதிர் காலத்தில் அந்தத் தடையை எடுத்தார்கள். எடுத்தவர்கள் சும்மா எடுக்கவில்லை. பெண்கள் குளிர்காலத்தில் ஆடக் கூடாது, ஆணி வைத்த பூட்ஸ் கூடாது, ஆட்ட நேரம் குறைவு, பந்தும் பையன்கள் ஆடுகிற சின்னப் பந்து. காலனிக் கடையில் வரிசையில் நின்ற பெண்கள் அதற்குமேல் சேர்த்துக்கொண்டார்கள். "குதிச்சா கர்ப்பப்பை இறங்கிடும்னு டாக்டரே சொல்றாராம்." லாண்டரியில் ஈரத்துணி மூட்டையைத் தூக்கும்போது இறங்காதது பந்தை உதைத்தால் இறங்குமா என்று ரொஸ்வித்தா யோசித்தாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. அவளுக்குக் குழந்தை இல்லை. கேட்டால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்.

வசந்தம் வந்ததும் காலனி கிளப்பில் பெண்கள் டீம் சேர்த்தார்கள். திங்கட்கிழமை சாயங்காலமும் வியாழக்கிழமை சாயங்காலமும் மைதானம் அவர்களுக்கு. பயிற்சி கொடுக்க வேறு யாரும் முன்வராததால் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்த முரோஸ் வந்தார். பேச்சு குறைவான மனிதர். பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட அவருக்குக் கூச்சம். புருஷன் குடும்பப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்; ரொஸ்வித்தா அங்கே கிரல்லாம்மா ஆனாள்.

முதல் திங்கட்கிழமை ரொஸ்வித்தா தைரியமாகத்தான் போனாள். பந்து என்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என்பது அவள் நினைப்பு. முரோஸ் ஒரு பந்தை அவள் பக்கம் உதைத்தார். புதுசு, சின்னது, காற்று நிறைந்து கல் மாதிரி இருந்தது. வழக்கம்போல் காலை நீட்டினாள். பந்து காலில் பட்டுத் தவளை மாதிரி துள்ளி, கரித்தூள் கொட்டிய மைதானத்தில் இரண்டு ஆள் தூரம் போய் விழுந்தது. மறுபடி வந்தது, மறுபடி துள்ளியது. தூக்கிப் போட்டதைத் தொடையில் வாங்கப்போனாள். முகவாயில் வந்து இடித்தது.

வேலியோரம் புறாக்காரர்களும் வேலை முடிந்தவர்களும் பீர்ப் புட்டியோடு நின்றிருந்தார்கள்.

"கிரல்லாம்மா, அது பந்து! இஸ்திரி போடாதீங்க!"

"அடுப்புல ஏதோ கருகுது, போய்ப் பாருங்கடி!"

"உன் பொண்டாட்டிக்கு அடுப்புல வைக்க ஏதாவது வாங்கிக் குடுத்தியாடா நீ? மொத அதச் சொல்லு!" என்று மைதானத்துக்குள்ளிருந்து பதில் போனது. அது மார்கா யெண்ட்ரிக். குளியல் கூடத்தில் சுரங்கத்து ஆட்களின் அழுக்கைக் கழுவித் தள்ளுகிற வேலை பார்த்தவள். அதனால் ஆம்பளை எவனைக் கண்டும் அவளுக்கு மரியாதை வரவில்லை. தோளும் தொடையும் பெரிசு. அவள் உதைத்தால் பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் தூரம் போகும்.

பயிற்சி முடிந்ததும் முரோஸ் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே சொன்னார். "வர்ற ஞாயித்துக்கிழமை பக்கத்துக் காலனியோட மொத ஆட்டம். மத்த எடமெல்லாம் முடிவாயிடுச்சு. இடது பக்கம் ஒண்ணுதான் பாக்கி. யெண்ட்ரிக், இல்ல கிரல்லா. வியாழக்கிழமை பாத்துட்டுச் சொல்றேன். ஒருத்தர் ஆடலாம், ஒருத்தர் பெஞ்சுல."

மார்கா ரொஸ்வித்தாவை மேலும் கீழும் பார்த்தாள். பொறாமையில்லாத பார்வை. போட்டி என்றே அவள் நினைக்கவில்லை போலிருந்தது. ரொஸ்வித்தாவை அதுதான் அதிகம் சுட்டது.

வீட்டுக்கு வந்து பழைய பந்தைக் கையில் எடுத்தபோது விஷயம் புரிந்தது. இத்தனை வருஷமாக அவள் அடக்கி வைத்திருந்தது பந்தை அல்ல, ஒரு தோல் மூட்டையை. காற்று இறங்கிய பந்து கால் பட்ட இடத்திலேயே படுத்துக்கொள்ளும். உயிருள்ள பந்து அப்படிப் படுக்காது.

செவ்வாய்க்கிழமை லாண்டரியிலிருந்து வரும் வழியில் பக்கத்து வீட்டுப் புறாக்காரனிடம் சைக்கிள் பம்பு இரவல் வாங்கினாள். கயிற்றை அவிழ்த்துக் காற்றடித்தாள். பந்து இறுகியது. மாடியில் குறட்டை ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. தரையில் கம்பளியை மடித்து விரித்து, அதன்மேல் மெல்லத்தான் ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு முழங்காலில் பட்ட பந்து எகிறிக் கரிவாளியில் மோதியது. வாளி கவிழ்ந்து அடுப்புத் தகரத்தில் இடித்துவிட்டு, சமையலறை முழுக்கக் கரியைக் கொட்டிக்கொண்டே உருண்டது.

குறட்டை நின்றது.

அல்ஃபோன்ஸ் நீள உள்ளாடையோடு படியில் இறங்கி வந்தான். கண் இமையோரத்தில் சுரங்கத்துக் கரி மை தீட்டியது போல் இருந்தது. எவ்வளவு கழுவினாலும் போகாத கரி அது.

"என்னடி இது?"

"வாளி விழுந்துருச்சு."

"வாளி தானா விழுந்துச்சா? பந்து அதைப் பாத்து வணக்கம் சொல்லுச்சா?"

அவள் கரியைப் பொறுக்கினாள்.

"விளையாடுன்னுதானே சொன்னேன். நான் ஏதாவது தடுத்தேனா? ஊரே சிரிக்குது. சிரிக்கட்டும்னு விட்டேன். ஆனா என் தூக்கத்துல விளையாடாத. ராத்திரி மேல பாறைய முட்டுக் குடுத்துட்டு அதுக்கடியில முட்டி போட்டு நிக்கப்போறவன் நானு. கண்ணு சொருகி நின்னா உன் முரோஸ் வந்து என்னைத் தூக்குவானா?"

"வியாழக்கிழமை முடிவு சொல்றாங்க அல்ஃபோன்ஸ். இன்னும் ரெண்டு நாள்தான்."

"ரெண்டு நாள் தூங்காதவன என்னன்னு சொல்வாங்க தெரியுமா? மறைந்த திருவாளர்னு சொல்வாங்க."

அவன் பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினான். ஒரு கணம் அதை அமுக்கிப் பார்த்தான். பழைய ஞாபகமோ என்னவோ, விரல் அதன் தையலில் ஓடியது. பிறகு அதோடு மாடி ஏறினான். சற்று நேரத்தில் அவள் எட்டிப் பார்த்தபோது பந்தைப் போர்வைக்குள் வைத்து, ஒரு கையைப் போட்டு அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. அதனாலேயே கோபம் வந்தது. கையைக் கழுவிவிட்டு, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு தெருவின் கடைசி வீட்டுக்கு நடந்தாள். அங்கே மார்காவின் புருஷன் புருனோவுக்கு இந்த வாரம் காலை ஷிப்டு. சுவரை ஒட்டின வீட்டில் காது மந்தமான ஒரு விதவை. காலனியிலேயே இன்றைக்குச் சத்தம் போடத் தகுந்த சமையலறை அது ஒன்றுதான்.

மார்கா கதவைத் திறந்து, ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தாள்.

"என்ன வேணும்?"

"உன் சமையலறை வேணும். கொஞ்ச நேரம்."

"எதுக்கு? கம்பளம் அடிக்கவா?"

"பந்து பழக."

மார்கா கதவுச் சட்டத்தில் சாய்ந்தாள். "உன் பந்து எங்க?"

"அல்ஃபோன்ஸ் கட்டிப்புடிச்சுட்டுத் தூங்குறான்."

மார்காவுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. "பாவம் மனுஷன். கட்டிப்புடிக்க உருண்டையா ஏதாவது வேணும்ல, உன் எலும்பு குத்துது போல." சிரித்து முடித்ததும் முகம் நேரானது. "நீ என்ன கேக்குறேன்னு உனக்குத் தெரியுதா? ஞாயித்துக்கிழமை ஆடப்போறது நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தி."

"தெரியும்."

"தெரிஞ்சும் என் வாசல்ல வந்து நிக்குற?"

"உன் புருஷனுக்குக் காலை ஷிப்டு. நான் வேற எங்க போவேன்?"

அதற்கு அந்தக் காலனியில் யாரும் மறுபேச்சு பேச முடியாது. மார்கா வாய்க்குள் ஏதோ திட்டிவிட்டு வழிவிட்டாள்.

அவள் மகனுடைய பந்து இருந்தது. மைதானத்தில் கொடுத்த அதே அளவு, அதே கனம். புருனோ ஜன்னலோரம் பீரோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பெண்களும் மேஜையைச் சரசரவென்று இழுத்ததைப் பார்த்துவிட்டு, "நான் புறாவப் பாக்கப் போறேன், அதுங்க உங்கள மாதிரி இல்ல" என்று எழுந்து போய்விட்டார்.

மார்கா சுவரோரம் நின்று பந்தை அனுப்பினாள். அவளுக்கு மெல்ல அனுப்பத் தெரியாது. பந்து ரொஸ்வித்தாவின் காலில் பட்டு அலமாரிக்குப் போனது, ஜன்னல் திரைக்குப் போனது, சூப்புப் பாத்திரத்தின் மூடியை உருட்டியது. விளக்கின் கண்ணாடிக் குடை உடைந்தது. "அது மாமியார் குடுத்தது, விடு" என்றாள் மார்கா. சத்தம் போடலாம் என்பதே ரொஸ்வித்தாவுக்குப் புதிது. முதலில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தோள் குறுகி மேலே பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டாள்.

எப்போது பிடிபட்டது என்று அவளால் சொல்ல முடியாது. லாண்டரியில் உருளையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வருகிற விரிப்பை எட்டிப் பிடித்து இழுக்கக் கூடாது; கை வெந்துபோகும். அது வருகிற வேகத்துக்குக் கையைப் பின்னால் விட்டுக்கொண்டே வாங்க வேண்டும். கால் அதைச் செய்துவிட்டது. பந்து வந்தது, கால் கூடவே பின்வாங்கியது, பந்து அவள் பாதத்தடியில் சத்தமில்லாமல் நின்றது.

மார்கா பார்த்தாள். "இன்னொரு தடவ."

மறுபடி நின்றது. புதன்கிழமையும் வந்தாள். அன்றைக்கு இடது காலில் நின்றது, தொடையில் நின்றது, நின்றதோடு இல்லாமல் அடுத்த தட்டில் நாற்காலியைச் சுற்றிப் போனது. வருஷக்கணக்காகப் பழகிய வித்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் புதுப் பந்துக்கு ஏறியது.

"எப்படிடி பண்ற? நான் வாங்குறேன், நீ போடு."

ரொஸ்வித்தா போட்டாள். மார்கா காலைத் தூண் மாதிரி நட்டு நின்றாள். பந்து தெறித்து அடுப்பில் மோதியது.

"காட்டு."

ரொஸ்வித்தா காட்டினாள். ஒரே முறை, வேகமாக. மார்கா திரும்பச் செய்தாள், தெறித்தது. மார்காவின் கண் பந்தின் மேலேயே இருந்தது, காலைப் பார்க்கவில்லை. காலை விறைக்காதே, பந்து வரும்போதே பின்னால் விடு. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அது ரொஸ்வித்தாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்து அங்கேயே இருந்தது.

"பழகப் பழக வரும்" என்றாள்.

"வராமயா போயிடும்" என்றாள் மார்கா. பந்து மோதியதில் அடுப்பிலிருந்து சிதறிய சாம்பலைக் கூட்டி அள்ளினாள்.

வியாழக்கிழமை முரோஸ் மற்றவர்களைப் பக்கவாட்டில் ஓடவிட்டுவிட்டு, இருவரையும் நடுவில் நிறுத்தினார். பந்தை மாற்றி மாற்றி அனுப்பினார். வேலியோரம் திங்கட்கிழமை நின்ற அதே ஆட்கள்.

மார்காவின் காலில் பட்ட பந்து அவளுக்கு முன்னால் ஓடியது. துரத்திப் பிடித்து, நிறுத்தாமல் உதைத்தாள். அது கோல் கம்பத்துக்கு மேலே, வேலிக்கு மேலே, தண்டவாளத்தில் நின்றிருந்த கரி வண்டிகளுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. "பந்து டோர்ட்மண்ட் ஊருக்கே போயிடுச்சு!" என்று ஒருவன் கத்தினான். ஒருத்தி வேலி தாண்டிப் போய் எடுத்துவர வேண்டியிருந்தது. எல்லோரும் காத்து நின்றார்கள். மார்கா கரித்தூளைக் காலால் கீறிக்கொண்டிருந்தாள்.

பிறகு ரொஸ்வித்தா. வந்த பந்து நின்றது. முரோஸ் கொஞ்சம் வேகமாக அனுப்பினார், நின்றது. உயரமாக அனுப்பினார், தொடையில் இறங்கி, காலுக்கு வந்து, திரும்பி, ஓடிக்கொண்டிருந்தவளின் காலுக்கு நேராகப் போனது. வேலியோரம் பீர்ப் புட்டிகள் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றன. ஒருவன் இருமினான்.

"கிரல்லாம்மா இடது பக்கம்" என்றார் முரோஸ். "யெண்ட்ரிக் அம்மா பெஞ்சுல. வருத்தப்படாதீங்க. ஆட்டம் இன்னும் நெறைய இருக்கு."

"நான் எதுக்கு வருத்தப்படணும்?" என்றாள் மார்கா. அவள் குரல் வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தது.

இருவருக்கும் ஒரே வழி. சுரங்க மதிலோரம் நடந்தார்கள். மார்கா ஷூக்களைக் கயிற்றால் கட்டித் தோளில் போட்டிருந்தாள். அவை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. அவள் வீட்டு முனை வந்ததும் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும். கால எப்ப பின்னால இழுக்குற? பந்து பட்ட பெறகா, படும்போதேவா?"

இன்றைக்கு அவள் பந்தை விட்டுக் காலைப் பார்த்திருக்கிறாள்.

"படும்போதே" என்றாள் ரொஸ்வித்தா.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

பின்னால் ஒரு கரி வண்டி இன்னொன்றில் மோதி நின்றது. அந்தச் சத்தம் அடங்கும் வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"சொல்லியிருக்கலாம்."

மார்கா தலையாட்டினாள். திட்டுவாள் என்று ரொஸ்வித்தா எதிர்பார்த்தாள். அவளுக்கு வராத திட்டா? ஆனால் அவள் தோட்டக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

வீட்டில் அல்ஃபோன்ஸ் ஷிப்டுக்குக் கிளம்பத் தயாராகி, வாணலியிலிருந்தே உருளைக்கிழங்கும் ரத்தம் அடைத்த பன்றிக்குடலும் தின்றுகொண்டிருந்தான். அவனுடைய ரொட்டி டப்பாவும் காப்பிக் குடுவையும் மேஜையில் இருந்தன.

"என்னாச்சு?"

"எடுத்துட்டாங்க."

"அப்போ யாரு வெளிய?"

"மார்கா."

அவன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "அவ வீட்டுச் சமையலறையிலதானே ரெண்டு நாளா குதிச்ச?"

"ஆமா."

"அவ பந்துலதானே பழகுன?"

"ஆமா."

"வெளக்க வேற ஒடச்சியாமே. புருனோ கடையில சொல்லிட்டு இருந்தான்."

"ஆமா."

அல்ஃபோன்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான். கோபமாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விரும்பும் ஆளைப் போலத்தான் கேட்டான். "வெக்கமா இல்ல உனக்கு?"

ரொஸ்வித்தா எதிரே உட்கார்ந்தாள். கரித்தூள் படிந்த காலுறையை உருட்டிக் கழற்றினாள். கணுக்காலில் ஒரு கருநீலக் காயம். அதை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள். "ஆனா ஞாயித்துக்கிழமை நான்தான் ஆடுறேன்."

அவன் வாணலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தொப்பியையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவளுக்குப் பசி. மிச்சமிருந்த எல்லாவற்றையும் தின்றாள். வாணலியின் ஓரத்தில் ஒட்டியிருந்த கொழுப்பையும் ரொட்டியால் வழித்துத் தின்றுவிட்டு, தண்ணீர் காய வைக்க எழுந்தாள்.